இன்சூரன்ஸ் இல்லை என்று கோர்ட்டு சம்மனா? தலையாட்டும் முன் தேதியைப் பாருங்க!

சென்னை:

காலை 10 மணிக்கு எழும்பூர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன் என்று எந்த மாஜிஸ்திரேட்டு கோர்ட்டு வாசலுக்குப் போனாலும், நாலாக மடித்த சம்மனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் நிற்கும். பெயிண்டர், கொத்தனார், லோடு ஆட்டோ டிரைவர், சாப்பாடு டெலிவரி செய்யும் பையன் என்று அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள்.

"ஃபைன் எவ்வளவு சார் வரும்?" என்பதுதான் எல்லோர் வாயிலும் வரும் கேள்வி.

"என் மேல போட்ட கேஸ் சரிதானா?" என்று கேட்பவர்கள் குறைவு. பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போய், "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்டதும் தலையை ஆட்டிவிட்டு, பணத்தைக் கட்டிவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம். அதில் சிலருக்கு அந்த நேரத்தில் உண்மையிலேயே இன்சூரன்ஸ் இருந்திருக்கும். சிலர் அடுத்தவர் வண்டியைச் சம்பளத்துக்கு ஓட்டியவர்களாக இருப்பார்கள். தலையாட்ட வேண்டிய அவசியமே இல்லாதவர்கள் இவர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 146-வது பிரிவுப்படி பொது இடத்தில் ஓடும் எந்த வண்டிக்கும் குறைந்தது மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் இருக்க வேண்டும். இல்லாமல் ஓட்டினால் 196-வது பிரிவில் தண்டனை.

முதல் தடவை ரூ.2 ஆயிரம் அபராதம் அல்லது 3 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் அபராதம் ரூ.4 ஆயிரம். 2019 செப்டம்பர் 1-ந்தேதி முதல் அமலுக்கு வந்த திருத்தம் இது. அதற்கு முன்பு ரூ.1,000 தான். தமிழ்நாட்டில் 'ஸ்பாட் ஃபைன்' தொகைகள் 2022 அக்டோபரில் உயர்த்தப்பட்டன.

இந்த வழக்கை ரோட்டிலேயே பணம் கட்டி முடித்துக்கொள்ளவும் சட்டத்தில் 200-வது பிரிவு இடம் கொடுக்கிறது. சலான் போட்டதும் கட்டிவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. கட்டாமல் விட்டால், அல்லது 'நான் தப்பு செய்யலை' என்று மறுத்தால்தான் விவகாரம் கோர்ட்டுக்குப் போய் சம்மன் வருகிறது.

ஓட்டியவர் மட்டும் மாட்டுவார் என்று நினைக்காதீங்க. ஓட்டியவர், ஓட்ட வைத்தவர், ஓட்ட விட்டவர் மூன்று பேரையும் 196-வது பிரிவு பிடிக்கும். மச்சான் கேட்டான் என்று இன்சூரன்ஸ் முடிந்த வண்டியின் சாவியைத் தூக்கிக் கொடுத்தால், சம்மன் மச்சானுக்கும் வரலாம், உங்களுக்கும் வரலாம்.

முதல்ல தேதி, அப்புறம் மணி

சம்மன் வந்ததும் அதில் உள்ள சம்பவ தேதியையும் நேரத்தையும் பாருங்கள். நேரம் இல்லை என்றால் சலானில் இருக்கும். பிறகு பாலிசி காகிதத்தை எடுங்கள். அதில் எந்த தேதி, எத்தனை மணி முதல், எந்த தேதி நள்ளிரவு வரை என்று போட்டிருக்கும். சம்பவ நேரம் அதற்குள் இருக்கிறதா? கேஸின் உயிரே இதில்தான்.

உதாரணத்துக்கு, காலை 11.30 மணிக்கு போலீசார் வண்டியை நிறுத்துகிறார்கள். இன்சூரன்ஸ் இல்லை. பயந்துபோய் மதியம் 1 மணிக்கு செல்போனிலேயே புதுசாக எடுத்துவிடுகிறார் ஒருவர். "அதே தேதியில பாலிசி இருக்கே சார்" என்று கோர்ட்டில் நீட்டினால் எடுபடாது. பாலிசி தொடங்கிய மணியும் அதில் அச்சாகி இருக்கும். 11.30-க்கு இல்லை என்றால் இல்லைதான்.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். இன்சூரன்ஸ் இருந்தது, காகிதம் வீட்டில் இருந்தது. அல்லது செல்போன் சார்ஜ் இல்லை. போலீசார் 'இன்சூரன்ஸ் இல்லை' என்று எழுதிவிட்டார்கள்.

இந்த இரண்டும் ஒரே குற்றம் கிடையாது. இன்சூரன்ஸே இல்லாமல் ஓட்டுவது 196-வது பிரிவு. இருந்ததைக் கையில் காட்டாதது அதைவிடச் சின்ன விஷயம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 139-வது விதியே இதற்கு வழி வைத்திருக்கிறது. கேட்ட நேரத்தில் ஆவணம் கையில் இல்லை என்றால், சான்றொப்பமிட்ட நகலை 15 நாளுக்குள் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கலாம், அல்லது கேட்ட அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். 2018 முதல் செல்போனில் டிஜிலாக்கர், எம்-பரிவாகன் செயலிகளில் காட்டினாலும் செல்லும்.

அந்த 15 நாள் போய்விட்டதே என்றால்? அப்போதும் தலையாட்ட வேண்டாம். பாலிசி அன்றைக்கு அமலில் இருந்தது என்பதை மாஜிஸ்திரேட்டிடம் காட்டினால், 'இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினார்' என்ற குற்றச்சாட்டு நிற்காது.

"ரூ.2 ஆயிரம்தானே, கட்டிட்டுப் போயிடலாம், எவன் அலையறது" என்று தோன்றும். ஒரு நாள் கூலி போகிற எரிச்சலில் தோன்றுவது நியாயம்தான். ஆனால் ஒப்புக்கொண்டால் அது உங்கள் பெயரில் முதல் குற்றமாகப் பதிவாகிவிடும். நாளைக்கு வேறு ஏதாவது ஒரு நாள் பாலிசி ஒரு வாரம் தள்ளிப்போய் மாட்டினால், அது இரண்டாவது குற்றம்.

கம்ப்யூட்டர் சொல்வதும் சில நேரம் தப்பு

இப்போது கேமரா நம்பர் பிளேட்டைப் பிடித்ததும், பரிவாகன் கம்ப்யூட்டரில் பார்த்து சலான் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கம்ப்யூட்டரில் உங்கள் பாலிசி ஏறியிருக்க வேண்டுமே! இன்சூரன்ஸ் கம்பெனி விவரத்தை ஏற்றத் தாமதமானாலோ, வண்டி நம்பரில் ஒரு எழுத்தைத் தப்பாக அடித்திருந்தாலோ, 'காப்பீடு இல்லை' என்று காட்டும்.

இப்படி ஆனால், 'இந்த வண்டிக்கு இன்ன தேதியில் பாலிசி அமலில் இருந்தது' என்று இன்சூரன்ஸ் கம்பெனியிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். பணம் கட்டிய பேங்க் விவரமும் வேண்டும். கோர்ட்டில் இவை இரண்டும் பேசும்.

ரோட்டோரம் குடை போட்டு, பாதி விலைக்குப் 'போட்டுத் தருகிற' ஆட்களிடம் எடுத்த பாலிசி என்றால் கதை வேறு. அச்சு, முத்திரை எல்லாம் அசலாகவே இருக்கும். கம்பெனியில் கேட்டால் அப்படி ஒரு நம்பரே இல்லை என்பார்கள். கோர்ட்டுக்கு எடுத்துப்போவதற்கு முன்பே கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணில் கேட்டுவிடுங்கள். போலி என்று தெரிந்தால் அதை மாஜிஸ்திரேட்டு முன் நீட்டவே கூடாது. ஏமாந்தவர் என்ற முறையில் முதலில் போலீசில் புகார் கொடுங்கள். இல்லாவிட்டால் ரூ.2 ஆயிரம் கேஸ் போலி ஆவணக் கேஸ் ஆகிவிடும்.

2018 வண்டிக்காரர்கள் கவனம்

2018 செப்டம்பர் 1-ந்தேதியில் இருந்து புது இரு சக்கர வாகனத்துக்கு 5 வருஷம், புது காருக்கு 3 வருஷம் மூன்றாம் நபர் காப்பீட்டை மொத்தமாக எடுத்தாக வேண்டும் என்பது விதி. சாலை பாதுகாப்புக்காக கோவை எலும்பு முறிவு டாக்டர் எஸ்.ராஜசேகரன் சுப்ரீம் கோர்ட்டில் போட்ட பொதுநல வழக்கில் பிறந்த உத்தரவு அது.

நல்ல உத்தரவுதான். ஆனால் 5 வருஷம் இன்சூரன்ஸ் ஞாபகமே இல்லாமல் ஓட்டிப் பழகியவர்கள், அது முடிந்த தேதியையும் மறந்துவிடுகிறார்கள். 2018 கடைசியில் வாங்கிய பைக்குக்கு 2023 கடைசியிலேயே அந்த 5 வருஷம் முடிந்துவிட்டது. "ஷோரூம்ல எல்லாம் சேர்த்துதானே கட்டினேன்" என்பவர்கள் அந்தப் பழைய காகிதத்தை ஒரு தடவை பிரித்துப் பாருங்கள்.

சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவரா நீங்கள்?

இது டிரைவர் அண்ணன்மார்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது.

லாரி, வேன், தண்ணீர் டேங்கர், கால் டாக்சி என்று முதலாளி வண்டியைச் சம்பளத்துக்கு ஓட்டுகிறவர் என்றால், 146-வது பிரிவிலேயே உங்களுக்கு ஒரு பாதுகாப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். சம்பளத்துக்கு மட்டுமே வண்டி ஓட்டும் ஊழியர், அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை என்று தெரிந்திருந்தாலோ, அப்படி நம்பக் காரணம் இருந்தாலோ தவிர, அந்தப் பிரிவை மீறியவர் ஆகமாட்டார். மாட்ட வேண்டியவர் வண்டியை ஓட்ட வைத்த முதலாளி.

நடப்பது என்ன? சம்மன் டிரைவர் பேருக்கு வருகிறது. "நீ போய் ஒத்துக்கிட்டு வந்துடு, காசு நான் தர்றேன்" என்கிறார் முதலாளி. காசு அவருடையது. குற்றப்பதிவு உங்களுடையது. நாளைக்கு அதே வண்டியில் மறுபடி பிடிபட்டால், இரண்டாவது குற்றவாளியாக நிற்பதும் நீங்கள்தான்.

ஒப்புக்கொள்ளாமல், "அய்யா, நான் சம்பளத்துக்கு ஓட்டுகிறேன், இன்சூரன்ஸ் முடிந்தது எனக்குத் தெரியாது" என்று சொல்லுங்கள். சம்பளம் வந்த பேங்க் கணக்கு, டிரிப் ஷீட், முதலாளி அனுப்பிய வாட்ஸ்அப் தகவல் என்று நீங்கள் ஊழியர் என்பதைக் காட்டும் எதுவும் உதவும்.

ஒரு எச்சரிக்கை. இன்சூரன்ஸ் முடிந்துவிட்டது என்று நீங்களே முதலாளியிடம் போன வாரம் சொல்லி, அவர் "பாத்துக்கலாம், ஓட்டு" என்று சொல்லி, நீங்களும் ஓட்டியிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. தெரிந்தே ஓட்டியதாகத்தான் அர்த்தம். சொந்த பைக்கில் டெலிவரி செய்கிற தம்பிகளுக்கும் இது பொருந்தாது. அது உங்கள் வண்டி.

விற்ற வண்டிக்கு சம்மன் வந்தால்?

இதுவும் சகஜம். நாலு வருஷத்துக்கு முன்பு விற்ற ஸ்கூட்டி. வாங்கினவர் பேர் மாற்றவே இல்லை. இப்போது சம்மன் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறது.

ஆர்.சி. புக்கில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று 2018 பிப்ரவரியில் நவீன்குமார் - விஜயகுமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. அது விபத்து நஷ்டஈடு வழக்கு. வண்டி நாலு கை மாறியிருந்தும், பொறுப்பு ஆர்.சி.யில் பேர் இருந்தவர் தலையில்தான் விழுந்தது.

சம்மனில் ஓட்டியவர் என்று வேறு ஆள் பேர் இருக்கலாம். விற்றதற்கான ரசீது, படிவம் 29, 30 நகல், டெலிவரி நோட்டு என்று எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு போய், அந்தத் தேதியில் வண்டி உங்கள் கையில் இல்லை, நீங்கள் யாரையும் ஓட்ட விடவும் இல்லை என்று சொல்லலாம். ஒரு காகிதமும் இல்லை என்றால் கஷ்டம்தான். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். புரோக்கரை நம்பி சாவியையும் வெள்ளைத்தாளில் கையெழுத்தையும் கொடுத்துவிட்டு வந்தவர்கள் பாடு இதுதான்.

போகாமல் விட்டால்...

"எனக்கு சம்மன் வரவே இல்லை" என்று தப்பிப்பது முன்பைவிடக் கஷ்டம். நீங்கள் வீட்டில் இல்லாவிட்டால் வீட்டில் உள்ள பெரியவர்களிடம் கொடுக்கலாம். பழைய சட்டத்தில் ஆண்களிடம்தான் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் மனைவி, அம்மா வாங்கினாலும் செல்லும். யாரும் இல்லாவிட்டால் கதவில் ஒட்டிவிட்டுப் போகலாம்.

அந்தத் தேதிக்குப் போகாவிட்டால் அடுத்தது வாரண்டு. முதலில் ஜாமீனில் விடக்கூடிய வாரண்டு, அதற்கும் போகாவிட்டால் பிடிவாரண்டு. ரூ.2 ஆயிரம் கேசுக்கு விடியற்காலையில் வீட்டு வாசலில் போலீஸ் வந்து நின்றால் தெருவே பார்க்கும். வாரண்டு ஆகிவிட்டது என்று தெரிந்தால், பிடிக்கிற வரை காத்திருக்காமல் வக்கீலை வைத்து நீங்களே கோர்ட்டில் ஆஜராகி, வாரண்டை ரத்து செய்ய மனு போடுவதுதான் வழி. உடம்பு சரியில்லை, வெளியூர் வேலை என்றால் தேதிக்கு முன்பே வக்கீல் மூலம் மனு கொடுத்து வேறு தேதி வாங்கலாம்.

கோர்ட்டுக்குப் போகாமலே முடிக்க முடியுமா?

தப்பு உங்கள் பேரில்தான் என்றால், முடியும். சம்மனில் குறிப்பிட்ட தேதிக்கு முன் குற்றத்தை ஒப்புக்கொண்டு தபாலில் எழுதி, அதில் சொன்ன தொகையை மணியார்டர் அனுப்பி முடிக்கலாம் என்று மோட்டார் வாகனச் சட்டம் 208-வது பிரிவில் இருக்கிறது. வக்கீல் மூலமும் ஆஜராகலாம். உங்கள் சம்மனில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

வழக்கு 'விர்ச்சுவல் கோர்ட்டு'க்குப் போயிருந்தால் இன்னும் சுலபம். அந்த அரசு இணையதளத்தில் வண்டி நம்பரையோ செல்போன் நம்பரையோ போட்டால் வழக்கு வரும். பணம் கட்டுவது ஒரு பொத்தான், மறுப்பது ஒரு பொத்தான். கட்டினால் முடிந்தது. மறுத்தால் சாதாரண கோர்ட்டுக்கு மாறும்.

இதில்தான் திருடர்களும் புகுந்திருக்கிறார்கள். 'உங்கள் வண்டிக்கு சலான்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வரும். அதைத் தொட்டு இன்ஸ்டால் செய்தால் பேங்கில் உள்ள பணம் போய்விடும். அரசு இணையதள முகவரி 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்றுதான் முடியும். வாட்ஸ்அப்பில் ஃபைல் அனுப்பி எந்தக் கோர்ட்டும் பணம் கேட்காது.

நேரில் போனால்...

கோர்ட்டு 10.30-க்கு உட்காரும். 10 மணிக்கே போய், சம்மனில் உள்ள வழக்கு எண்ணைக் காட்டி, எந்த ஹால் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எஸ்.டி.சி. என்று போட்டு எண் இருக்கும். செல்போனை அணைத்துவிடுங்கள். பேர் கூப்பிடும் நேரத்தில் டீக்கடையில் இருந்தால் அன்றைய கூலியும் போச்சு, வாரண்டும் வரலாம்.

எடுத்துப்போக வேண்டியவை சம்மன், சலான், லைசென்சு, ஆர்.சி., பாலிசி. எல்லாவற்றுக்கும் 2 செட் நகல்.

மாஜிஸ்திரேட்டு குற்றச்சாட்டைச் சொல்வார். புரியவில்லை என்றால் "அய்யா, புரியலை" என்றே சொல்லலாம். ஒப்புக்கொண்டால் அபராதம், ரசீது, வீடு. மறுத்தால் வேறு தேதி கொடுப்பார்கள். கேஸ் போட்ட அதிகாரி வந்து சாட்சி சொல்ல வேண்டி வரும்.

தேதியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 3 மாத தண்டனை வரையுள்ள குற்றத்துக்கு, சம்பவம் நடந்து 1 வருஷத்துக்குள் வழக்கைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும். சலான் தேதிக்கும் தாக்கல் தேதிக்கும் நடுவில் 1 வருஷத்துக்கு மேல் ஓடியிருந்தால் அதை வக்கீலிடம் சொல்லுங்கள். தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் கோர்ட்டுக்கு உண்டு என்றாலும், கேட்டால்தானே தெரியும்.

வக்கீலுக்குக் காசு இல்லையா? இலவச சட்ட உதவி மையம் கோர்ட்டு வளாகத்திலேயே இருக்கும். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு அங்கே இலவசம். போன் எண் 15100. வாசலில் "நான் முடிச்சுத் தர்றேன்" என்று தோளைத் தொடுகிறவரிடம் காசு கொடுக்காதீங்க.

விபத்தோடு சேர்ந்து வந்தால் மட்டும்...

வெறும் சோதனையில் பிடிபட்ட கேஸ் என்றால் மேலே சொன்னது எல்லாம் பொருந்தும். யாரையாவது இடித்து, அந்த வழக்கோடு சேர்த்து இன்சூரன்ஸ் குற்றமும் போட்டிருந்தால், வக்கீல் இல்லாமல் ஒரு வார்த்தை பேசாதீங்க. 'ஆமாம்' என்று நீங்கள் இங்கே சொல்வதை, அடிபட்டவர் நஷ்டஈடு வழக்கில் அங்கே எடுத்துக் காட்டுவார்.

இன்சூரன்ஸ் இல்லை என்றால் நஷ்டஈட்டை நீங்கள்தான் கட்ட வேண்டும். உயிர் போயிருந்தால் அது லட்சக்கணக்கில் வரும். கட்டாவிட்டால் நில வரி பாக்கியை வசூலிப்பது போல கலெக்டர் மூலம் வசூலிக்க 174-வது பிரிவில் வழி இருக்கிறது. வண்டியும் லேசில் கிடைக்காது. இன்சூரன்ஸ் இல்லாமல் விபத்தில் சிக்கிய வண்டியை, நஷ்டஈட்டுக்கு உத்தரவாதம் கொடுக்காமல் விடக்கூடாது, 3 மாதத்துக்குப் பிறகு ஏலம் விட்டு அந்தப் பணத்தை நஷ்டஈட்டுக்கு வைக்க வேண்டும் என்ற விதியை எல்லா மாநிலங்களும் கொண்டுவரும்படி 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது.

ரசீது வாங்கிய பிறகு

அபராதம் கட்டிய ரசீது இன்சூரன்ஸ் ஆகாது. கோர்ட்டு வாசலில் நிறுத்திய அதே வண்டியை எடுத்து அடுத்த சிக்னலில் மாட்டினால் ரூ.4 ஆயிரம். அதனால் பாலிசியைப் போட்டுவிட்டு வண்டியை எடுங்கள். 2022 ஜூன் 1 முதல் அமலான கட்டணப்படி 75-க்கு மேல் 150 சி.சி. வரையுள்ள பைக்குக்கு மூன்றாம் நபர் காப்பீடு வருஷத்துக்கு ரூ.714. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்தால் ரூ.843 சுமார். ஓட்டுபவருக்கான விபத்துக் காப்பீடு சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

ஒரு வாரம் கழித்து பரிவாகன் இ-சலான் தளத்தில் பழைய சலான் முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். பாக்கி என்றே காட்டினால் எப்.சி.க்கும் பேர் மாற்றத்துக்கும் போகும்போது ஆர்.டி.ஓ. ஆபீசில் நிறுத்திவிடுவார்கள். ரசீது நகலோடு கேஸ் போட்ட டிராபிக் ஸ்டேஷனில் சொல்லிச் சரிசெய்ய வேண்டும்.

புதுப் பாலிசி கைக்கு வந்ததும் வண்டி நம்பர், என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் மூன்றையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு எழுத்து தப்பாக இருந்தாலும் அன்றைக்கே கம்பெனிக்குப் போன் போட்டுத் திருத்தச் சொல்லிவிடுங்கள்.